இந்த முகவரி தடுக்கப்பட்டுள்ளது

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆன்சி செல்பேசியைப் பார்த்தபோது அந்த ஆள் மறுபடியும் எழுதியிருந்தார். 'வணக்கம். என் முகவரி மீதான தடையை நீக்கும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் தவறு எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் அதைக் காட்டுங்கள்.' கீழே பெயர் இல்லை. வழக்கம்போல நீளமான ஓர் எண் மட்டும்.

திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஆன்சிக்கு வேலை. மாணவர்களின் பெயரில் இனிஷியல் மாறிப்போனது, சான்றிதழில் ஓர் எழுத்து விட்டுப்போனது என்று பகல் முழுக்கப் பெயர்களோடுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று நடக்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றின் தமிழ்ப் பதிப்பில் அவள் நிர்வாகி. சம்பளம் கிடையாது. விஷமமாக எழுதியதை அழிக்கலாம், எழுதியவரைத் தடுக்கலாம். தடுக்கப்பட்டவர் முறையீட்டுப் பக்கத்தில் மட்டும் எழுதலாம். கணக்குத் தொடங்காமல் எழுதுகிறவர்களுக்குப் பெயர் இருக்கும் இடத்தில் அவர்களுடைய இணைய இணைப்பின் எண் நிற்கும்.

போன மாதம் அப்படியோர் எண்ணிலிருந்து யாரோ பெண்களைப் பற்றிய பக்கங்களில் அசிங்கம் எழுதத் தொடங்கினான். பெரிய பிரபலங்கள் இல்லை. மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருத்தி, ஒரு செவிலியர் சங்கத் தலைவி, இப்படி. ஓர் எண்ணைத் தடுத்தால் அடுத்த எண்ணில் வந்தான். எல்லாமே ஸ்ரீரங்கத்தில் கேபிள்காரர் ஒருவர் வீடுகளுக்குக் கொடுக்கும் இணைப்பின் எண்கள். இன்று ஒரு வீட்டுக்கு இருக்கும் எண் நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகும். ஒரே நேரத்தில் நாலைந்து வீடுகள் ஓர் எண்ணில் இருப்பதும் உண்டு. 'எங்கள் பெண்ணைப் பற்றிய பக்கமே வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்று வீராங்கனையின் அப்பா எழுதிய அன்று, ஆன்சி அத்தனை எண்களையும் சேர்த்து ஆறு மாதத்துக்குத் தடுத்தாள். அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

பெயரில்லாதவருக்கு அவள் முதலிலேயே பதில் போட்டிருந்தாள். ஒரு கணக்குத் தொடங்கினால் போதும், சொந்தப் பெயர்கூட வேண்டாம், எந்தப் பெயரானாலும் சரி, தடை உங்களைத் தொடாது என்று. 'கணக்கில்லாமலும் எழுதலாம் என்பது இங்குள்ள விதி. எனக்குக் கணக்கு வேண்டாம்' என்று பதில் வந்தது. அட்மிஷன் சமயத்தில் எல்லாவற்றையும் பூர்த்தி செய்துவிட்டு ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நிரப்ப மாட்டேன் என்று நிற்கும் தகப்பன்மார்கள் அவளுக்கு ஞாபகம் வந்தார்கள். விதியைச் சொல்கிறவர்களோடு பேசவே முடியாது.

இம்தியாஸும் அதையேதான் சொன்னான். அவன் இன்னொரு நிர்வாகி. பாலக்கரைக்காரன், சவூதியில் தம்மாமில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஆன்சியை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவைதான் என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அந்த வீராங்கனையின் அப்பாவிடம் இனி இப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்தவன் அவன்.

இரண்டு நாள் கழித்து வந்தது வேறு மாதிரிக் கடிதம். 'வலிப்பு நோய் பற்றிய பக்கத்தில், நோயாளியின் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்ற வரியை யாரோ திரும்பவும் சேர்த்திருக்கிறார்கள். நான் பல முறை நீக்கிய வரி அது. என்னைத் தடுத்தே வைத்திருங்கள். அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.'

ஆன்சி வரியை எடுத்தாள். எடுத்த பிறகு அந்த எண்களிலிருந்து இதுவரை வந்த திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். தடுத்த அன்று அவள் அசிங்கத்தை மட்டும்தான் தேடிப் பார்த்திருந்தாள். இப்போது மற்றவை தெரிந்தன. ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் என்ன செய்வது. வலிப்பு உள்ள பெண் கர்ப்பமானால் எந்த மருந்தை டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும். வண்டி ஓட்டலாமா, கிணற்றில் நீந்தலாமா. தூக்கம் கெட்டால் ஏன் வரும். வாக்கியங்கள் நிதானமாக, சின்னச் சின்னதாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண்ணில் சிதறிக் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஒரே பெயரின் கீழ் வரிசையாக நின்றால், அது யார் வைத்த புனைபெயர் என்று ஸ்ரீரங்கத்தில் ஒருவர் கண்டுபிடித்தாலும் போதும், அந்த ஆளுக்கு உடம்புக்கு என்ன என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஆன்சிக்குத் தோன்றியது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடாகவும் இருக்கலாம். அல்லது கல்யாணம் ஆகி, புகுந்த வீட்டில் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். அவளுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது.

அவள் கணவன் பிரவீன்ராஜ் தரையில் உட்கார்ந்து யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். துவாக்குடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர்.

"ஏங்க, யாருக்காவது வலிப்பு வந்தா என்ன செய்வீங்க?"

"சாவிக்கொத்த கையில குடுக்கணும்," என்றான் தலையைத் தூக்காமல். "போன மாசம்கூட எங்க ஷாப்ல ஒரு பையனுக்கு வந்துச்சு. ஸ்பேனரக் குடுத்தோம். நின்னுடுச்சு."

"அது தானா நின்னுருக்கும். இரும்பு ஒண்ணும் செய்யாதுங்க. பக்கத்துல இடிக்கிற மாதிரி இருக்கறத நகத்திட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் வைக்கக் கூடாது."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "பல்லு இறுகுதுன்னு அவன் வாயில துணியத் திணிச்சாங்க," என்றான். பிறகு, "யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டான்.

யார் என்று ஆன்சியால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவள் நிர்வாகிகளின் பக்கத்தில் எழுதினாள். மொத்தத் தடையை நீக்கிவிடலாம்; அதற்குப் பதில் அசிங்கம் எழுதியவன் கைவைத்த பக்கங்களைக் கணக்கு உள்ளவர்கள் மட்டும் திருத்தும்படி பூட்டிவிடலாம்; மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். காரணத்தை எழுதவில்லை. எழுதினால் அதுவே காட்டிக்கொடுத்ததாகிவிடும். நல்ல திருத்தங்களும் வருகின்றன என்று மட்டும் சொன்னாள். இருவர் சரி என்றார்கள், இம்தியாஸ் வேண்டாம் என்றான், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தடையை நீக்கினாள். பெயரில்லாதவர் 'நன்றி' என்று ஒரே ஒரு சொல் எழுதிவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் இம்தியாஸ் கூப்பிட்டான்.

"பாத்தீங்களாக்கா? வந்துட்டான். பூட்டுன பக்கத்த விட்டுட்டு வேற பொம்பளைங்க பக்கமாப் போறான்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். முதலில் கெட்ட பக்கம் அடியிலும் கடைசியாகக் கெட்டது மேலேயுமாக நின்ற பட்டியலில் ஒரே எண் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டிருந்தது. ஓர் ஆசிரியை, ஒரு கவுன்சிலர், ஒரு வீணைக் கலைஞர். 

"நா அந்தப் பொண்ணோட அத்தாகிட்ட..." என்று தன் வீட்டு வழக்கில் தொடங்கி அவனே திருத்திக்கொண்டான், "அப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்கு இன்னொருத்தரோட அப்பா எழுதுவாரு. அவருக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

ஆன்சி தடை போடும் பக்கத்தைத் திறந்து எண்ணையும் எழுதிவிட்டாள். அப்போதுதான் பட்டியலின் அடியில் கண் போனது. அந்தப் பக்கங்களில் கடைசியாகக் கைவைத்ததும் அதே எண்தான். ஆனால் அங்கே அசிங்கம் எழுதப்படவில்லை, அழிக்கப்பட்டிருந்தது. முதலில் கெட்ட பக்கம் ஏற்கெனவே பழையபடி இருந்தது. அடுத்ததும்.

"இம்தியாஸ், கீழ பாருங்க."

அவன் பார்க்கும் சத்தம் கேட்டது, மூச்சும் கணினிச் சொடுக்கும். "ஒரே நம்பரு," என்றான். "ஒரே ஆளுதான் ரெண்டும் செய்றானோ என்னமோ."

"எனக்குத் தெரியல."

"அப்பத் தடுங்கக்கா."

அவள் தடுக்கவில்லை. தடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மேலே கடைசியாக வந்த பக்கத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தாள். ஒன்றை அழித்து அடுத்ததற்கு இறங்கினாள். அடியிலிருந்து அந்த எண் ஒவ்வொரு பக்கமாக மேலே வந்துகொண்டிருந்தது. இம்தியாஸ் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தான். அவன் கடையில் யாரோ ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது காதில் விழுந்தது. வீணைக் கலைஞரின் பக்கத்தில் ஆன்சி பொத்தானை அழுத்தினாள். திரை ஒரு கணம் வெறுமையாகி, பிறகு ஒரு வரியைக் காட்டியது. உங்களுக்கு முன்பே வேறொருவர் இதை நீக்கிவிட்டார்.