கோப்ரலுக்கு விளங்கிய சொல்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்று பொய்யென்றாலும் சொன்ன நாக்கு புழுத்துப் போகட்டும், எழுதிய கையில் சிரங்கு பிடிக்கட்டும். சாட்சி வேண்டுமென்றால் ஜபாரின் உடம்பைப் பார்க்கலாம். பதினேழு இடத்தில் பல் பதிந்த அடையாளம் உண்டு. அதில் பதினாறைச் சபையில் காட்டலாம்.

சண்டை முடிந்து இரண்டாவது வருடம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த சாரத்தோடு விரட்டப்பட்டு வந்த ஜபார், தில்லையடி அகதிக் கொட்டிலில் இருபது வருடம் இருந்துவிட்டு, மாம்புரியில் முத்தலிபு நானாவின் காணியில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போட்டார். முதல் போகம் கழுதைகளுக்குப் போயிற்று. அந்தப் பக்கத்துக் கழுதைகளுக்கு வேலையும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. பூப்போன்ற மணல் பாத்தியைக் கண்டால் மல்லாந்து உருண்டுவிட்டுத்தான் மறுவேலை. இரண்டாம் போகமும் இப்படிப் போனால் காணியும் கையை விட்டுப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் கரையோரம் இருந்த ஒரு ஆமி முகாமைக் கழற்றினார்கள். தகரம், கம்பி, கதிரை எல்லாம் லொறியில் ஏறின. நாய் மட்டும் ஏறவில்லை. ஏற்றப் பார்த்த இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினார்கள். ஜபார் பாண் துண்டைக் காட்டி அதைக் கூட்டி வந்து, கோப்ரல் என்று ஆமிப் பதவியையே பெயராக வைத்தார். பயிர் காக்க நாய் வைக்கலாம் என்று மௌலவி சொன்னார். வீட்டு வாசலை மிதித்தால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை என்று மனைவி ரம்ஸியா சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் பதினொரு கழுதைகள் வேலியைச் சாய்த்துக்கொண்டு வந்தன. கோப்ரல் குரைக்கவில்லை. நேரே போய் முன்னால் நின்றதின் மேலுதட்டைக் கவ்வியது. பக்கத்தில் நின்ற இன்னொன்று உதைத்த உதையில் நாய் தென்னை மர உயரத்துக்குப் போய், வாயில் ஒரு குரும்பையோடு இறங்கி, குரும்பையைத் துப்பிவிட்டு, விட்ட உதட்டையே மறுபடி கவ்வியது. இரண்டு கழுதைகளுக்கு வால் போயிற்று. ஒன்றுக்குக் காது இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு ஓடிய இரத்தத்தில் அந்த வரிசை வெங்காயம் மட்டும் பீட்ரூட் நிறத்தில் விளைந்தது. பதினொரு கழுதைகளும் களப்பில் பாய்ந்து உச்சமுனை வரைக்கும் நீந்தியதாக மீன்பிடிக்கிறவர்கள் சொன்னார்கள்.

கெடுதி என்னவென்றால், கோப்ரல் மனிதரையும் கழுதைக் கணக்கில்தான் வைத்திருந்தது. கூலிக்கு வந்த நளீரின் கெண்டைக்கால் சதை முதலில் போயிற்று. கடைசியாகக் காணியைப் பார்க்க வந்த முத்தலிபு நானா, "என்ன தம்பி இது குப்பெ? அள்ளன் இத!" என்று குப்பையை அள்ளச் சொல்லிக் கையை நீட்டியதுதான் தாமதம், கோப்ரல் அவருடைய பின்பக்கத்தில் தொங்கியது. சாரம் கிழிந்து, உள்ளே இருந்ததும் கிழிந்து, மூன்று பேர் இழுத்துத்தான் பிரித்தார்கள்.

முத்தலிபு நானா நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். உட்கார முடியாது.

"வெள்ளிக்கெழம ஜும்மாவுக்குப் பொறகு துவக்கோட வருவன். வாயால ஒரு சொல்லுச் சொல்லி நீ நிப்பாட்டணும். நிண்டா நாய் ஈக்கட்டும். நிக்காட்டி அதுட மண்டையில வெடி."

"நானா, நாய் இல்லாட்டி வெங்காயம் இல்ல. கழுத திரும்பி வந்துரும்."

"அப்ப நாய்க்குச் சொல்லிக்குடு."

ஜபார் அன்றே பாடத்தைத் தொடங்கினார். கையில் நாலு சாக்கைச் சுற்றிக்கொண்டு கடிக்கக் கொடுப்பார். பிடித்ததும் "விடு!" என்று சொல்லித் தென்னை மட்டையால் ஒன்று வைப்பார். கோப்ரல் சாக்கை விட்டு மட்டையைப் பிடுங்கி, மட்டையைக் கடித்து நாராக்கி, பிறகு ஜபாருக்கு வரும். திங்கட்கிழமை "வேணாம்" என்று பார்த்தார். தோள் போயிற்று. செவ்வாய்க்கிழமை "ச்சீ" என்று பார்த்தார். தொடை. "ஹறாம்!" என்று கத்தியதற்கு மட்டும் நாய் ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. குனிந்து பார்த்தால், பிடியை வசதியாக மாற்றிக்கொண்டிருந்தது.

ரம்ஸியா கிணற்றடியில் வாளியோடு நின்றாள்.

"நாய் வாய் பட்டா ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண் போட்டு. இன்டெக்கி எத்தின கடி?"

"நாலு."

"அப்ப இருவத்தெட்டு. இனி கெணத்துல தண்ணி ஈக்கா எண்டு பாத்துட்டுக் கடி வாங்குங்க."

புதன்கிழமை, எருக் குவியலோடு நின்ற நளீரைப் பார்த்து ஜபார் வேலை சொல்லிக்கொண்டிருந்தபோது கோப்ரல் பாய்ந்தது. நளீர் ஓடிவிட்டான். குறுக்கே விழுந்த ஜபாரின் முன்கையில் பல் எலும்பு வரைக்கும் இறங்கியது. அந்நேரம், சிலாபத்துச் சிங்களப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கலியாணம் முடித்து வந்த டொறத்தி, மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு வேலியோரம் வந்தாள். பார்த்தவுடன் ஒரே ஒரு சத்தம் போட்டாள்.

"எபா!"

கோப்ரல் கையை விட்டது. உட்கார்ந்தது. முன்னங்காலை நெற்றிப் பக்கம் தூக்கியது.

"ஜபார் நானா, இது முகாம் நாய். தமிழ் எங்க தெரியும்? சிங்களத்துல 'எபா' எண்டாத்தான் வேணாம் எண்டு வெளங்கும்."

இருபது வருடம் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசிய ஜபாருக்கு அந்தச் சொல் தெரியாததல்ல. நாயோடும் சிங்களம் கதைக்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

"செரி தங்கச்சி. ஆனா கடி எண்டு நான் ஒருநாளும் சொல்லலியே. பொறகேன் கடிச்சிச்சி?"

"கடிக்க முந்தி என்ன சொன்னீங்க?"

"எருவ அள்ளன் எண்டன்."

டொறத்தி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிங்களத்துல 'அல்லன்ன' எண்டா பிடி. நீங்க அள்ளன் எண்டீங்க, அது பிடிச்சிச்சி."

"ல வேற, ள வேற!"

"அப்ப அதுக்கு ஒரு தமிழ் வாத்தியார வைங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளியில் தொழுத முக்கால்வாசிப் பேர் வெங்காயத் தோட்டத்தில் நின்றார்கள். முத்தலிபு நானா துவக்கோடு வந்தார். உட்காரக் கதிரை கொடுத்தார்கள். வேண்டாமென்றார்.

ஜபார் சாக்குக்கூடச் சுற்றாமல் நடுவில் போய் நின்று, நாயைப் பார்த்து, "அல்லன்ன!" என்றார். கோப்ரல் பறந்து வந்து நெஞ்சில் மோதி, மனுசனை மண்ணில் சாய்த்து, கழுத்துக்கு வாயைக் கொண்டுபோனது. பல் தோலில் பட்டு இரத்தம் துளிர்த்தது.

"எபா," என்றார் ஜபார்.

நாய் எழுந்து, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கியது. சனம் வாயைப் பிளந்தது.

முத்தலிபு நானாவுக்குப் பின்பக்கம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "ஒருக்கா நிண்டா எல்லாம் பாடமா? இது கண்கட்டு வித்த. வாக்கும் இல்ல, மண்ணும் இல்ல," என்று துவக்கை நிமிர்த்தினார். பையிலிருந்து தோட்டாக்கள் மணலில் கொட்டின. பக்கத்தில் நின்ற நளீரைப் பார்த்துக் கத்தினார். "பாத்துட்டு நிக்கிறியே, அள்ளன்டா அத!"

அதற்குப் பிறகு நடந்ததைச் சிலர் கண்ணை மூடிக்கொண்டதால் பார்க்கவில்லை. கோப்ரல் முதலில் துவக்குக் குழாயைக் கடித்து வளைத்தது. உள்ளே இருந்த ஒரே வெடி வளைந்த குழாய் வழியே வெளியேறி, முத்தலிபு நானாவின் சொந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்தது. பிறகு நாய் அவருடைய தொடையைப் பிடித்து, ஈரத்துணியை உதறுவதுபோல உதறியது. ஒரு செருப்பு மரத்தில் ஏறிற்று. இரண்டு பல் தெறித்தது. பல் நாயுடையதல்ல. "எபா" என்று கத்தத்தான் அவரும் பார்த்தார். பல் போன வாயில் அது "எஃவா" என்று வந்தது. கோப்ரலுக்கு அந்த மொழியும் தெரியாது.

"ஜபார்! சொல்லன் அந்தச் சொல்ல! அடேய், எலும்பு நொறுங்குது!"

ஜபார் மணலைத் தட்டிக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"நானா, நாய் ஈக்கலாமா?"

"ஈக்கட்டும்!"

"எவ்வளவு காலத்துக்கு?"

"அது மௌத்தாகுமட்டும் ஈக்கட்டும்! எண்ட மையத்துக்குப் பொறகும் ஈக்கட்டும்!"

"சபை கேட்டுக்கொள்ளுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் ஜபார் நாயின் பக்கம் திரும்பினார். "எபா, கோப்ரல்."

நாய் விட்டது. உட்கார்ந்தது. காலைத் தூக்கியது. தொட்டியிலிருந்து கொட்டிய தண்ணீரில், ஒரு தரம் மண் போட்டு, ஏழு தரமும் முத்தலிபு நானாவைக் கழுவித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை வெங்காயம் பிடுங்கினார்கள். ஒரு கழுதைகூடத் தலைகாட்டவில்லை. நளீர் நாள் முழுக்கக் கையால் சாடை காட்டித்தான் வேலை செய்தான்.

அடுத்த மாதம் விசர்நாய்த் தடுப்பூசி போட வந்த மிருக வைத்தியர், கோப்ரலின் இரண்டு காதையும் சோதித்துவிட்டு அட்டையில் எழுதிக் கொடுத்தது இது: பிறவியிலேயே முழுச் செவிடு.