கீழே குடியிருப்பு இல்லை

சோறு செம்மண் நிறத்தில் இருந்தது. இருளப்பசாமி ஒரு கவளம் வாயில் வைத்தான். பல்லில் மண் நறநறத்தது. தட்டைத் தள்ளிவிட்டான்.

"அரிசியக் களையத் தெரியாதா ஒனக்கு? மனுசன் திங்கிற சோறா இது?"

"மூணு தண்ணி களைஞ்சேன். தண்ணியே அப்படித்தான் வருது. முந்தாநாளுல இருந்து ஊத்து கலங்கிக் கெடக்கு," என்றாள் பாண்டீஸ்வரி. "எம்மேல எரிஞ்சு விழுறத விட்டுட்டு மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லு."

"சொல்லாமலா இருக்கேன்? நாத்து நட்டு பத்து நாளு ஆகல, தண்ணிய எறக்கச் சொல்லுதியான்னு கேட்டு வெரட்டிட்டாரு."

அவர்கள் ஊற்று என்று சொல்வது ஊற்றே அல்ல. செம்பாறை ஓடை அணையின் கரையடியில் கசியும் தண்ணீர். மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓடையை மறித்துக் கட்டிய சின்ன மண் அணை அது. கரை இறங்கி முடிகிற இடத்திலேயே காலனியின் நாற்பத்திரண்டு வீடுகள் தொடங்கிவிடும். ஊருக்குள் தெருவுக்குத் தெரு குழாய் உண்டு. காலனிக்கு வரவேண்டிய குழாய் கோயில் முக்கோடு நின்று ஏழு வருடமாகிறது. அதற்கு மேல் நீட்டினால் ஊரும் காலனியும் ஒரே குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருக்குமாம். இதைக் கூட்டம் போட்டு, மைக் வைத்துச் சொன்னார்கள். சொன்ன வாய் எதுவும் கூசவில்லை. அதனால் காலனி, கரை கசியும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கரைக்கு மண் சுமந்தவள் பாண்டீஸ்வரி. நூறு நாள் வேலையில் அப்போதிருந்த பொறியாளர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. கசிவு தெளிவாக இருக்கிறவரை பயமில்லை, கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று பொருள். அவள் புருஷன் இருளப்பசாமிக்கும் ஒரு கணக்குத் தெரியும். மடையின் அடியிலிருந்து ஒன்பதாவது படிக்குக் கீழே தண்ணீர் நின்றால் ஊற்று தெளிந்துவிடும். இப்போது பதிமூன்றாவது படி முழுகியிருந்தது. நாளை மறுநாள் கனமழை என்று டிவியில் இரண்டு நாளாகச் சொல்கிறார்கள்.

மழைக்கு முன்னால் அணையைச் சோதிக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து ஜீப் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு அங்காளம்மாள் வந்து சொன்னாள். பாண்டீஸ்வரி காலி பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள்.

மடைக்குப் பக்கத்தில், ஜீப்பின் நிழலில், பொறியாளர் கௌதம்ராஜ் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருளப்பசாமியின் முதலாளி ஹரிகிருஷ்ணன், பாசன விவசாயிகளின் தலைவர். அணைத் தண்ணீரில் பாதி பாய்வது அவருடைய வயலுக்குத்தான். சோதனை முடிந்துவிட்டது. ஜீப் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் கரையைப் பார்த்தாயிற்று. கரைக்குப் பின்னால் இறங்கினால்தானே கசிவு தெரியும்? அங்கே இறங்கினால் காலனிக்குள் போகவேண்டும்.

"சார், கரைக்கு அடியில இந்தத் தண்ணிதான் வருது. நீங்களே பாருங்க," என்று பாட்டிலை நீட்டினாள். அடியில் இரண்டு விரற்கடை மண் படிந்திருந்தது.

பொறியாளர் கை நீட்டினார்.

"சார், அதத் தொடாதிய," என்றார் ஹரிகிருஷ்ணன். குரலைக்கூட உயர்த்தவில்லை. "அவுக கையால நாங்க தண்ணி வாங்குற வழக்கமில்ல. பொறவு எங்க வீட்டுல சாப்பிட வருவிய, வீட்டுப் பொம்பளைய சங்கடப்படுவாவ."

நீட்டிய கை திரும்பிப் போனது. படித்த கை, அரசாங்கச் சம்பளம் வாங்குகிற கை. குடிப்பதற்கு இல்லை, பார்ப்பதற்குக்கூட அந்தத் தண்ணீரை அது வாங்கவில்லை.

"அங்க வச்சிட்டுப் போங்கம்மா," என்றார்.

அவள் ஜீப்பின் பானெட் மேல் வைத்தாள். ஹரிகிருஷ்ணன் வெற்று இளநீர்க் காயால் அதைத் தட்டிவிட்டார். செந்தண்ணீர் கரையில் கொட்டி ஓடியது. பாட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சோதனைப் படிவம் விரித்திருந்தது. பத்தாவது வரை படித்தவள் பாண்டீஸ்வரி. ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கரையில் கசிவு: இல்லை. அணைக்குக் கீழே குடியிருப்பு: இல்லை. ஆபத்து: குறைவு. கடைசியில் கையெழுத்தும் போட்டாயிற்று.

"கீழ நாங்க இருக்கோம்ல சார்? நாப்பத்திரண்டு வீடு."

"அது புறம்போக்கும்மா. பட்டா இல்ல. ரெக்கார்டுல குடியிருப்புன்னு வராது."

"தண்ணி பட்டா பாத்தா வரும்?"

அவர் படிவத்தை மடித்தார். "வீடு இருக்குன்னு எழுதினா இது பெரிய ஆபத்துன்னு ஆயிரும். உடனே தண்ணிய எறக்கச் சொல்லி நானே உத்தரவு போடணும். விவசாயிங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அது வெளங்குது சார்," என்றாள். நன்றாகவே விளங்கியது. நாற்பத்திரண்டு வீட்டுச் சனம் உயிரோடு இருப்பதை ஒத்துக்கொண்டால் நாற்று வாடும். ஆகவே அவர்கள் இல்லை.

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தாள். ஓலைச்சரிவில் செருகியிருந்த இரும்புக் கைப்பிடியை உருவினாள். மடை ஷட்டரைச் சுற்றுகிற கைப்பிடி. நான்கு தலைமுறையாக இந்த வீட்டு ஆம்பளைதான் ஊருக்கு நீர்பாய்ச்சி. முதலாளி திறக்கச் சொன்னால் திறப்பான், அடைக்கச் சொன்னால் அடைப்பான்.

"ஏட்டி, அத எங்க தூக்கிட்டுப் போற? உத்தரவில்லாமத் தொறந்தா ஊரு நம்மள விடாது," என்றான் இருளப்பசாமி.

"விடாது. கரை ஒடைஞ்சா தண்ணி விடுமா? ஓங் கையால வயலுக்குப் பாயுற தண்ணில மட்டும் தீட்டு இல்ல. பாட்டில்ல நான் கொண்டுபோனா அதுல தீட்டு. இம்புட்டு நாளும் இதத்தான் நம்மளும் பொறுத்துக்கிட்டுக் கெடந்தோம்."

அவள் நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

உச்சி வெயில். மடை மேல் ஏறிக் கைப்பிடியை மாட்டினாள். அவள் பலத்துக்கு ஷட்டர் அசையவில்லை. இரண்டு தரம் சறுக்கியது, உள்ளங்கை தோல் உரிந்தது. அப்புறம் அவள் கைக்கு மேல் அவன் கை விழுந்தது. ஷட்டர் முனகிக்கொண்டு ஏறியது. தண்ணீர் வாய்க்காலில் சீறி இறங்கி, காலனியை விட்டு விலகி ஓடைப் பக்கம் ஓடியது.

விஷயம் கேள்விப்பட்டு, வீட்டு விருந்திலிருந்து ஓடிவந்தார் ஹரிகிருஷ்ணன். பின்னால் ஈரக் கையோடு பொறியாளர்.

"யாருட்டி ஒனக்கு உத்தரவு குடுத்தது? அணையில கை வச்சிருக்க. இப்பமே கேசு கொடுக்கேன், ரெண்டு பேரும் உள்ள போவிய."

பாண்டீஸ்வரி முகத்து வேர்வையை முந்தானையில் துடைத்தாள்.

"கொடுங்க மொதலாளி. ஆனா கேசுக்கு அட்ரஸ் எழுதணும்ல? அணைக்குக் கீழ யாரும் குடியில்லன்னு சார் கையெழுத்துப் போட்டிருக்காவ. ஒண்ணு அத அடிச்சிட்டு எங்கள எழுதுங்க. இல்லாட்டி மடையத் தொறந்தது யாருமில்லன்னு எழுதுங்க."

ஹரிகிருஷ்ணன் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

இருளப்பசாமி இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான்.