கல்பனா செய்த யூ.பி.எஸ்.

ஊரில் எவன் முன்னேறினாலும் தமிழ்மணி தாங்கிக்கொள்வான். பெண்டாட்டி முன்னேறியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒடுகத்தூரில் கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ். செய்து விற்கும் கடை அவனுடையது. டிசைன் அவன், டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பிக் காயில் சுற்றுவது பெண்டாட்டி கல்பனா. அப்படித்தான் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜவ்வாது மலையில் இ-சேவை மையம் வைத்திருக்கும் செவ்வந்தி, அவன் பெட்டியில் பேட்டரி நிற்கவே மாட்டேனென்கிறது என்று புலம்ப, கல்பனா ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே கரண்ட் போவதைவிட மங்குவதுதான் அதிகம். அவன் பெட்டியோ மங்கினாலே போய்விட்டதாக நினைத்து பேட்டரிக்குத் தாவும். நிஜமாகவே போகும்போது பேட்டரியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. கல்பனா டிரான்ஸ்ஃபார்மரில் கூடுதலாகச் சில சுற்றுகள் சுற்றி, மங்கிய கரண்டைத் தூக்கிவிடும்படி புதுப் பெட்டியே செய்துவிட்டாள். பேட்டரி தன் பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற சாக்கில் தமிழ்மணி மலையேறினான். குறை கண்டுபிடிக்கத்தான் போனான். தொழிலைச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று பஸ்ஸில் வழி முழுக்கப் பொருமினான்.

செவ்வந்தியிடம் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கு அவன் பெட்டி, ஒன்றுக்குக் கல்பனாவின் பெட்டி. கரண்ட் மங்கியதும் அவனுடையது பேட்டரிக்குத் தாவி கீகீ என்று கத்தியது. அவளுடையது 'டக்' என்றதோடு சரி.

"அக்கா மூளையே மூளைங்கண்ணா. மத்த சென்டர்காரங்களும் இதையேதான் கேக்கறாங்க. உங்களுது வேணாமாம்" என்றாள் செவ்வந்தி.

அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இனி கடையில் தன் டிசைனுக்கு வேலையே இல்லை.

செவ்வந்தி டீ வாங்கப் போனாள். தமிழ்மணி கம்ப்யூட்டரை நிறுத்தி, கல்பனாவின் பெட்டியைத் திறந்து, கரண்டைத் தூக்கிவிடும் ஒயரைக் கழற்றிவிட்டு மூடினான். மறுபடி எல்லாவற்றையும் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டான்.

செவ்வந்தி டீயோடு வந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் மங்கியது. இரண்டு பெட்டிகளும் சேர்ந்து கத்தின. தமிழ்மணிக்கு அது கெட்டிமேளம் மாதிரி இருந்தது.

செவ்வந்தி கல்பனாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "உங்க பொட்டியும் கத்துதுக்கா."

"இன்னான்னு அவரைத் தொறந்து பாக்கச் சொல்லு."

திறந்தான். "ஒயர் கழண்டு கெடக்குது. நீ சரியா மாட்டல" என்றான்.



"அது ஸ்க்ரூ போட்டு முறுக்கி, மேல பசையும் வெச்ச ஒயரு" என்றாள் கல்பனா. "தானா கழலாது."

செவ்வந்தி அவனையே பார்த்தாள். அவன் பெட்டிக்குள்ளே பார்த்தான்.

"மாட்டிட்டு வாங்க. பஸ்ஸ வுட்றாதீங்க. மொச்சக்கொட்ட கொழம்பு வெச்சிருக்கேன்."

போன் நின்றது. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு அவனும் திட்டியிருப்பான். ஒயரை மாட்டி ஸ்க்ரூவை முறுக்கும்போது, பொறுத்துப்போவதிலும் அவளே தன்னை முந்திவிட்டாளே என்று அவனுக்கு இன்னும் எரிந்தது.