வளையாத கம்பு

பஞ்சாபகேசனுக்கு அறுபத்தாறு வயது. பொதுப்பணித் துறையில் சூப்பிரண்டிங் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கவடியார் கோல்ஃப் மைதானத்தில் அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காரணம் அவருடைய உத்தியோகம் இல்லை, அவர் வைத்திருந்த இரும்பு மட்டைகள்தான்.

இரண்டிலிருந்து ஒன்பது வரை நம்பர் போட்ட அந்த எட்டு மட்டைகளையும் 1963-இல் வாங்கினார். பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனவை. ஒவ்வொன்றின் கைப்பிடிக்குக் கீழேயும் ஒரு காகிதப் பட்டை, அதில் ‘எஸ்’ என்ற எழுத்து. கோல்ஃப் மட்டையின் கம்பு எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எழுத்து அது. எஸ் என்றால் லேசில் வளையாத முரட்டுக் கம்பு, வலுவான இளைஞர்களுக்கானது. அதற்கு அடுத்து ஆர், சாதாரண ஆட்டக்காரர்களுக்கு. அதைவிட இளக்கமாக ஏ, வயதானவர்களுக்கு. எல்லாவற்றிலும் இளக்கம் எல், பெண்களுக்கு. ஐம்பது தாண்டியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஆருக்கும் ஏவுக்கும் இறங்கினார்கள். பஞ்சாபகேசன் இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதை வாரம் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாமல் இருக்கவும் இல்லை.

“அறுபத்தாறு வயசு. இன்னும் எஸ்தான். ஏழாம் நம்பர்ல அடிச்சா பந்து நடுவுல இருக்கற பள்ளத்தைத் தாண்டிப் போய் விழறது. தினம் யோகாசனம் பண்றேன் பாரும்.”

அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிற மைதீன் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பார். மைதீனுக்கு ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம். மைத்துனர் சிங்கப்பூரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். 1982 ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம், நீளமான அட்டைப் பெட்டி ஒன்றோடு மைதீன் கரமனையில் இருந்த பஞ்சாபகேசன் வீட்டுக்கு வந்தார்.

“சாறே, உங்க இரும்பு மட்டை மூஞ்சியெல்லாம் தேஞ்சு போச்சு. சிங்கப்பூர் அளியன் சாம்பிளுக்கு ரெண்டு ஏழாம் நம்பர் அனுப்பியிருக்கான். ஒண்ணு ஆர், ஒண்ணு ஏ. அடிச்சுப் பாத்து எது வேணும்னு சொன்னா மதி, முழு செட் வரும்.”

“எஸ் எங்கே?”

மைதீன் தலையைச் சொறிந்தார். “நம்ம பிராயத்துக்கு...”

“உம்ம பிராயத்துக்குன்னு சொல்லும்” என்றார் பஞ்சாபகேசன்.

மைதீன் பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பஞ்சாபகேசனுக்குத்தான் மனசு ஆறவில்லை. வாயால் சொன்னால் இவன் கேட்கமாட்டான், கணக்கோடு காட்டுகிறேன் என்று கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனார். அங்கே அவருடைய மரவேலை மேசையில் ஓர் இரும்பு வைஸ் பொருத்தியிருந்தது. ஆர் மட்டையின் கைப்பிடியை அதில் இறுக்கி, தலைப்பக்கம் இரண்டு கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். கம்பு நாலேகால் அங்குலம் தாழ்ந்தது. குறித்துக்கொண்டார். ஏ மட்டை ஐந்து அங்குலம் தாழ்ந்தது. எதிர்பார்த்ததுதான். கடைசியாகத் தன்னுடைய ஏழாம் நம்பரை மாட்டினார். மூன்றரைக்கு மேல் போகாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கல்லை விட்டார்.

கம்பு ஐந்தே முக்கால் அங்குலம் தாழ்ந்து நின்றது.

பஞ்சாபகேசன் கல்லைக் கழற்றிவிட்டு, வைஸை இன்னும் இறுக்கி, மறுபடி கட்டினார். ஐந்தே முக்கால். ஆறாம் நம்பரைக் கொண்டு வந்தார். எட்டாம் நம்பரைக் கொண்டு வந்தார். எல்லாம் அதே கதை. முப்பது வருஷம் பாலங்களுக்கு உத்தரம் கணக்குப் போட்ட மனிதர் அவர். அளவு தப்பாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏயைவிட இளக்கமாக ஒரே ஒரு கம்புதான் உண்டு.

‘அந்தத் துரை என்னை ஏமாத்திட்டான்’ என்றுதான் முதலில் தோன்றியது. பத்தொன்பது வருஷமாக ஒரு பொம்மனாட்டியின் மட்டையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோமா? காது மடல் சூடாகியது. அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. துரை தன் மனைவியின் மட்டைகளையும் சும்மாவே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மாள் ஆறடி உயரம், அவளுக்கென்று நீளமாகச் செய்வித்த செட் அது. மச்சில் கிடந்தது.

ஏணியை வைத்து மச்சில் ஏறினார். துணிப்பை தூசி படியாமல் சுத்தமாக இருந்தது அவருக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. ஏழாம் நம்பரை உருவினார். தலை சின்னது, பெண்கள் மட்டையின் தலைதான். கம்பில் எழுத்துப் பட்டை இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, தலைக்கு ஒரு சாண் மேலே கம்பில் ஒரு சொட்டை, அடிபட்டு நசுங்கிய தடம்.

அந்தச் சொட்டை அவருக்குத் தெரியும். 1967-இல் பந்தோடு சேர்த்து ஒரு கல்லையும் அடித்து, கம்பு மாமரத்தில் மோதி விழுந்த சொட்டை. அது அவருடைய மட்டையின் சொட்டை. அந்தக் கம்பு இந்தத் தலைக்கு எப்படி வந்தது?

துரை ஏமாற்றவில்லை. யாரோ கம்புகளை மாற்றியிருக்கிறார்கள். அதுவும் அவர் வீட்டுக்குள்ளேயே.

கீழே இறங்கி, தன் ஏழாம் நம்பரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாவித்ரி அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். அவர் இரண்டு மட்டைகளையும் சமையல் மேடைமேல் வைத்தார். அவள் ஒரு தரம் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“கண்டுபிடிச்சுட்டேளா” என்றாள்.

பஞ்சாபகேசன் வேலைக்காரியோ, யாரோ திருடனோ என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு வந்திருந்தார். இதை நினைக்கவே இல்லை.

“நீயா?”

“நான்தான். வேலப்பன் ஒத்தாசை பண்ணினான். அவனை ஒண்ணும் சொல்லப்படாது, கேட்டேளா. நான் சொல்லித்தான் பண்ணினான்.”

வேலப்பன் பத்தொன்பது வருஷமாக அவருடைய மட்டைப் பையைத் தூக்குகிறவன். குழித்துறைப் பக்கத்துக்காரன், ஐம்பது வயது. அவர் எந்த நம்பர் கேட்கப்போகிறார் என்று கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுகிறவன். அவனுமா?

“எப்போ?”

“மூணு வருஷம் முன்னாடி. நீங்க கமிட்டி வேலையா டில்லிக்குப் போய்ப் பத்து நாள் இருந்தேளே, அப்போ. வேலப்பனோட மச்சினன் லேத்து வெச்சிருக்கான். சூடு பண்ணி, ஆணியை எடுத்து, இதோட கம்பை அதுலயும் அதோட கம்பை இதுலயும் மாத்திக் குடுத்தான். பட்டையை நான் வெந்நீர்ல ஊறப்போட்டு எடுத்து மைதாப் பசை வெச்சு ஒட்டினேன். மேல வார்னிஷ் அடிச்சது வேலப்பன்.”

அவள் மோர்க்குழம்பு வைக்கிற பக்குவத்தைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள்.

“ஏன் பண்ணினே?”

“உங்க இடது முழங்கை எப்படி இருந்தது அப்போ? காப்பி டம்ளரைத் தூக்க முடியலை. ராத்திரி திரும்பிப் படுக்க முடியலை. கொட்டம்சுக்காதித் தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை கடுத்தது. கம்பை மாத்துங்கோன்னு டாக்டர் சொன்னார், மைதீன் சொன்னார், கேட்டேளா? டில்லிலேர்ந்து வந்தும் ஏழாம் நம்பர்ல பள்ளத்தைத் தாண்ட முடியலைன்னா ஆட்டத்தையே நிறுத்திடுவேன்னு இதே வாசல்ல நின்னு சத்தியம் பண்ணினேள். அதுக்கு முன்னாடி நாலு வாரமாத் தாண்டலையே. நிறுத்திட்டு ஆத்துல உக்காந்தா நீங்க என்னாவேள்னு எனக்குத் தெரியும்.”

“யோகாசனத்துல சரியாப் போச்சுன்னு...”

“சொல்லிண்டேள்” என்றாள் சாவித்ரி.

அவர் சென்ற வருஷம் கிளப் ஆண்டு விழாவில் ‘முதுமையும் மன உறுதியும்’ என்று இருபது நிமிஷம் பேசியது, அந்த ஏழாம் நம்பரை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டியது, வேலப்பன் பின்னால் நின்று கைதட்டியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவமானத்தை ஒரு பக்கம் ஒதுக்கினால், பொறியாளர் மூளையில் ஒரு கேள்வி உறுத்தியது.

“சரி. இளக்கமான கம்பு மாட்டினா கை வலிக்காது, பந்தும் தூரம் போகும்னு உனக்கு யார் சொன்னா? வேலப்பனா?”

சாவித்ரி ஆறிப்போன காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் சொல்லலை. நான் ரெண்டையும் அடிச்சுப் பாத்தேன்.”

“என்னது?”

“நான் ரெண்டு வருஷம் ஆடினேன். நீங்க ரிடையர் ஆனப்பறம் அணை வேலைக்கு ஆலோசகரா ஜீப்புல போக ஆரம்பிச்சேளே, அப்போலேர்ந்து. புதன்கிழமை காலம்பற மெம்பரோட ஆம்படையா தனியாவே ஆடலாம்னு கிளப்புல சட்டம் இருக்கு. துரையம்மா மட்டையை எடுத்துண்டு போவேன். வேலப்பன்தான் சொல்லிக் குடுத்தான்.”

பஞ்சாபகேசன் சிரித்துவிட்டார். நம்ப முடியாததால் வந்த சிரிப்பு. புடவையோடு, அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவில் அவர் நாற்பது வருஷமாகப் பார்த்த சாவித்ரி, கோல்ஃப் மைதானத்திலா?

“நம்பலைன்னா ரிஜிஸ்தரைப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு அவள் காப்பியைச் சுட வைத்தாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவர் கிளப்பில் இருந்தார். பழைய வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். 1977, 78, 79. ஒவ்வொரு புதன்கிழமைக்கும் நேரே, அவளுடைய உருண்டையான கையெழுத்தில்: மிஸஸ் சாவித்ரி பஞ்சாபகேசன். அவர் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். 1979 ஆகஸ்டுக்குப் பிறகு அந்தப் பெயர் இல்லை.

அன்று அவர் வற்புறுத்திச் சாவித்ரியையும் அழைத்து வந்திருந்தார். அவள் கான்வாஸ் ஷூ போட்டு, புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய இடத்தில் நின்றாள். வேலப்பன் பையோடு வந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“சாறே, தப்புதான். அம்மா அழுதுட்டுச் சொன்னாவ, நான் என்னத்தச் செய்ய? எனக்கு வேலை போச்சுன்னா போட்டும். ஆனா ஒண்ணு சொல்லுகேன். சாறு கை நோவில்லாம ஆடுகதைப் பாத்து மூணு வருசம் எனக்குச் சந்தோசமாட்டுதான் இருந்தது.”

“அம்மாகிட்ட ஏழாம் நம்பரைக் குடு” என்றார் பஞ்சாபகேசன்.

“எதை? சாறு ஏழா, அம்மா ஏழா?”

“என்னோடதை.”

சாவித்ரி மட்டையை வாங்கிப் பிடியைச் சரிசெய்துகொண்டாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தரம் வெறுமனே வீசிப் பார்த்தாள். மூன்றாவது வீச்சில் ‘டக்’ என்று சுத்தமான ஒரு சத்தம். பந்து தாழ்வாக, நேராக, நூல் பிடித்ததுபோலப் போயிற்று. பள்ளத்தின் விளிம்பில் ஒரு தரம் பட்டுக் குதித்து, புல்தரையில் ஏறி நின்றது.

பஞ்சாபகேசன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். பனி ஈரம் வேட்டியில் ஏறியதுகூட உறைக்கவில்லை. இத்தனை வருஷ ஆட்டத்தில் அப்படி ஒரு நேரான பந்தை அவர் எத்தனை தடவை அடித்திருப்பார்?

“எங்கிட்ட ஏன் சொல்லலை?” என்று கேட்டார்.

“புதன்கிழமை எங்கே போயிட்டு வந்தேன்னு நீங்க ஒரு நாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“அப்பறம் ஏன் நிறுத்தினே?”

சாவித்ரி வேலப்பனைப் பார்த்தாள். வேலப்பன்தான் சொன்னான்.

“அம்மா கம்பு சாறுக்குப் போயிட்டுல்லா. சாறு கம்பு பாறையாக்கும். அம்மா ரெண்டு வாரம் அதை வச்சு அடிச்சுப் பாத்தாவ. கை வீங்கிட்டு. பெறவு வரல்ல.”

அதுவரை வந்த அதிர்ச்சி எல்லாம் ஒன்றுமில்லை என்று அவருக்கு அப்போது தோன்றியது. அவள் வெறும் கம்பைக் கொடுக்கவில்லை. தன் ஆட்டத்தையே கழற்றி அவருடைய மட்டையில் பொருத்தியிருக்கிறாள். மூன்று வருஷம் ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்கு வந்து அன்றைய அடிகளை ஒவ்வொன்றாக விவரிக்க, அவள் சாதம் பரிமாறிக்கொண்டே ‘உம், உம்’ என்று கேட்டிருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நெடுநேரம் துடைத்தார்.

பிறகு எழுந்து, கூடவே கொண்டுவந்திருந்த சிங்கப்பூர் மட்டைகள் இரண்டையும் வாங்கி அடித்தார். ஆர் மட்டையில் அடித்த பந்து வலப்பக்கம் கோணிக்கொண்டு பள்ளத்திலேயே விழுந்தது. முழங்கையில் பழைய வலி சுருக்கென்றது. ஏ மட்டையில் அடித்தது தாண்டிப் போயிற்று. இன்னும் பத்துப் பந்து அடித்தார். எட்டு தாண்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப் வராந்தாவில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போதே மைதீனிடம் ஏ போதும் என்றார். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். மைதீன் வாயில் வைத்த வடையைக் கடிக்க மறந்துபோனார். யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சேச்சி அடிக்குமா?” என்றார் மைதீன் கடைசியில்.

“என்னைவிட நேரா.”

அக்டோபரில் சிங்கப்பூர் செட் வந்தது. வேலப்பனின் மச்சினன் மறுபடியும் கம்புகளைக் கழற்றி, அவரவர் தலைக்கு அவரவர் கம்பை மாட்டிக் கொடுத்தான். அடுத்த புதன்கிழமை பஞ்சாபகேசன் ஜீப் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சாவித்ரியோடு மைதானத்துக்குப் போனார். இரண்டு பைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அன்று பை தூக்குகிற வேறு ஆள் யாரும் வரவில்லை.

வேலப்பன் இரண்டையும் பார்த்தான். பிறகு குனிந்து அம்மாவின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“டேய், நான்?” என்றார் பஞ்சாபகேசன்.

“சாறு கோவிக்கப்பிடாது. அம்மா நேத்தே சொல்லி வச்சாவ.”

சாவித்ரி ஏற்கெனவே முதல் குழியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பஞ்சாபகேசன் ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். பிறகு புதுப் பையைத் தூக்கி வலது தோளில் போட்டுக்கொண்டு, அவர்களை எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.