பட்டியலில் இரண்டே சொற்கள்

ஒன்பது நாள், பதினேழு மணி நேரம், இருபது நிமிடம். மானியம் முடிய அவ்வளவுதான் இருந்தது. காலை ஆறு நாற்பதுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கணக்குப் போட்டேன். வெளியே இன்னும் இருட்டு. கண் எரிந்தது.

எங்கள் நிலையம் ரோவல் சாலையின் பின்சந்தில் இருக்கிறது. வேலையில் அடிபட்டு, பெர்மிட் ரத்தாகி, ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கீழே காலை உணவு, மேலே படுக்கை. ஊழியர்கள் மூன்று பேர். சுசீலா அக்காவும் நூர்தீனும் அவர்களை மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் கூட்டிப் போவார்கள். வேதியியல் படித்த நான் கணினியில் விவரம் ஏற்றுவேன். பேச வேண்டாத வேலை என்றுதான் சேர்ந்தேன். மூவரின் சம்பளமும் அரசாங்க மானியத்திலிருந்து வந்தது.

அக்கா அண்டாவில் ரவையைக் கொட்டி, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக் கிண்டினார். கரண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் சிக்கி நின்றது. ரகுபதி மூன்றடி தள்ளி நின்றார். பூன் லே பக்கம் ஒரு பட்டறையில் தகடு வளைக்கும் இயந்திரம் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது.

“அக்கா, உப்பு பத்தலை.”

“நீ வந்து போடேன்.”

“ஸ்பெஷல் பாஸ்ல வேலை செய்யக்கூடாதுக்கா. கரண்டியத் தொட்டா வேலை. வாயால சொன்னா வேலை இல்ல.”

“உன் வாய்க்கு எவன்டா பெர்மிட் குடுத்தான்?”

சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் தலையைத் தூக்காமல் சிரித்தேன்.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி மருத்துவர் ரகுபதியின் கையை மதிப்பிட்டு, இழப்பு எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். அதுவரை அவர் இந்த ஊரில் இருந்தாக வேண்டும். இருக்க ஒரு படுக்கை வேண்டும். அவருடைய முதலாளி, அவரை ஊருக்கு அனுப்பிவிட, விமான டிக்கெட்டோடு ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார்.

எட்டரைக்கு நிலையத்தின் இயக்குநர் யதீசன் சார் வந்தார். கையில் பதினைந்து தாள்கள்.

“பதினோரு மணிக்கு மானிய ஆபீஸர் வர்றாங்க. இந்த வருஷம் நாற்பது கேஸ்ல பதினேழுதான் க்ளோஸ்ட். எண்பது பர்சென்ட் கேக்கிறாங்க. இன்னும் பதினைஞ்சு வேணும். ‘எனக்கு இந்த உதவி போதும்’னு இதுல கையெழுத்து வாங்கிடுங்க. மேனுகா, நீங்க ஷீட்ல மாத்திடுங்க.”

அக்கா முதல் தாளைப் பார்த்தார். “ரகுபதியா? அவன் கையில இன்னும் கட்டுப் பிரிக்கல சார்.”

“ஃபைலத்தான மூடுறோம்.”

“ஃபைல மூடினா பெட்டு?”

யதீசன் சார் தாள்களைத் தட்டிச் சீராக்கினார். கேஸ் மூடப்பட்டவருக்குப் படுக்கை கிடையாது என்ற விதியை எழுதியதே அவர்தான்.

“அக்கா, நான் என்ன வில்லனா? மானியம் போச்சுன்னா இருபத்து மூணு பேரும் தெருவுல நிப்பாங்க. நீங்க மூணு பேரும்தான். பதினைஞ்சு பேர விட்டா எட்டுப் பேராவது மிஞ்சுவாங்க லா.”

“அந்தப் பதினைஞ்சு பேர யார் பொறுக்கினது?”

“ரொம்ப நாளா இருக்கிறவங்க.”

“ரொம்ப நாள் இருக்கிறவனுக்குத்தான் சார் முடிவு கிட்ட வந்திருக்கு!”

நூர்தீன் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினார். “போன ஞாயித்துக்கிழமைதான் இவங்களுக்கு கிளாஸ் எடுத்தேன். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு. இன்னிக்கு நானே பேப்பர நீட்டணுமா? என்னால முடியாது சார்.”

“அப்ப நானே வாங்கிக்கிறேன்.”

யதீசன் சார் வரிசைக்குப் போனார். ரகுபதி தாளை இடது கையில் வாங்கி, உரக்கப் படித்தார். தமிழ் தெரியாதவர்களுக்கு நூர்தீன் வங்காள மொழியில் சொன்னார்.

“‘போதும்’னு போட்டிருக்கு. எது சார் போதும்? மீதி ரெண்டு விரலா?”

“ரகுபதி, இது வெறும் ஃபார்ம்.”

ரகுபதி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “படிச்சுப் பாத்துட்டுச் சொல்றோம் சார்.”

அடுத்தவரும் மடித்தார். “படிச்சுப் பாத்துட்டுச் சொல்றோம் சார்.” வங்காளத்துக்காரர் இர்ஃபான் அந்தத் தமிழை அப்படியே, உச்சரிப்புப் பிசகி, திருப்பிச் சொன்னார். பதினைந்து தாள்கள், பதினைந்து பைகள்.

நான் கணினியைத் திறந்தேன்.

என் பட்டியலில் ‘நிலை’ என்றொரு கட்டம் உண்டு. அதில் தேர்ந்தெடுக்க இரண்டே சொற்கள்: ஓபன், க்ளோஸ்ட். போன வருடம், இழப்பீட்டு முடிவு வராமலே முதல் ஆள் சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறிய அன்று, எதைப் போடுவது என்று யதீசன் சாரைக் கேட்டேன். “ஊருக்குப் போயிட்டாருல்ல, அப்ப க்ளோஸ்ட்” என்றார். ஆய்வகத்தில் வீழ்படிவு வரவில்லை என்றால் வரவில்லை என்றுதான் எழுதுவோம். இங்கே அப்படி எழுத இடம் இல்லை. அழுத்தினேன். பிறகு அது பழகிவிட்டது. இந்த வருடம்தான் சுசீலா அக்கா, முடிவு வராமல் யாரையும் ஏற விடுவதில்லை என்று வாசலில் நின்றார். போன வருடம் எத்தனை முறை அழுத்தினேன் என்று யதீசன் சார் எண்ணியதில்லை. நான் எண்ணியிருந்தேன்.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் ரோஷினி. என் வயதுதான் இருக்கும். உப்புமா வாசனை போகாத மேசையில் மடிக்கணினியை வைத்தார். யதீசன் சார் ஏசியைக் கூட்டினார். ஆட்கள் மேலே போகவில்லை. படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சுசீலா அக்கா முதலில் பேசினார். “மேடம், எண்பது பர்சென்ட்டுக்காக இவங்கள்ல பதினைஞ்சு பேர வெளியே அனுப்பச் சொல்றாங்க. நாங்க அனுப்ப மாட்டோம். இவங்களும் போக மாட்டாங்க.”

ரகுபதி இறங்கி வந்து தாளை மேசையில் வைத்தார். பின்னாலேயே மற்றவர்களும் வைத்தார்கள். ஒன்றிலும் கையெழுத்து இல்லை.

ரோஷினி தாள்களைப் புரட்டினார். “நாங்க யாரையும் வெளியே அனுப்பச் சொல்லலையே. க்ளோஸ்ட்னா பிரச்சினை தீர்ந்து போச்சுன்னு அர்த்தம். போன வருஷம் உங்க ரிப்போர்ட்ல அம்பதுல நாற்பத்தொரு பேருக்குத் தீர்ந்திருக்கு. வெரி குட் நம்பர். அத வச்சுத்தான் எண்பதுன்னு டார்கெட்டே போட்டோம்.”

ரகுபதியின் படுக்கையைப் பறிக்க வந்த எண் என் விரலிலிருந்துதான் புறப்பட்டிருந்தது.

“இந்த வருஷம் ஏன் திடீர்னு குறைஞ்சுது?” ரோஷினி கேட்டார்.

ஊருக்குப் போனவர்களையும் நான் க்ளோஸ்ட் என்று போட்டது அக்காவுக்குத் தெரியாது. யதீசன் சார் என்னைப் பார்த்தார்.

“நான்...” என்றேன்.

“மேனுகா, அத மத்தியானம் பேசிக்கலாம்.”

சொன்னால் மானியம் போகலாம். மூன்று வேலை, இருபத்து மூன்று படுக்கை. சொல்லாவிட்டால் பதினைந்து.

சுவரோரம் நின்ற என்னைச் சுசீலா அக்கா திரும்பிப் பார்த்தார். நான் எதைச் சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. இருந்தும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காந்து சொல்லும்மா. நாங்க இருக்கோம்.”

நூர்தீன் எனக்குப் பின்னால் வந்து நின்றார். படிக்கட்டில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

உட்கார்ந்தேன். போன வருடத்துப் பட்டியலைத் திறந்து, திரையை ரோஷினி பக்கம் திருப்பினேன்.

“அந்த நாற்பத்தொண்ணுல ஏழு பேருக்குத்தான் தீர்ந்துச்சு, மேடம். மீதி முப்பத்து நாலு பேர எந்த முடிவும் வராம ஊருக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க. அவங்க பேருக்கு எதிர்ல க்ளோஸ்ட்னு போட்டது நான்தான்.”