டெல்மர் முறித்த மட்டை

1

இந்தக் கதை ஒரு திட்டலில் பிறந்தது. விச்சிட்டாவில், தேவாலயத்துப் பான்கேக் விருந்தில், தட்டோடு நின்ற என்னைப் பிடித்துக்கொண்டாள் நார்லீன் குவிஸ்ட்.

"உங்க பத்திரிகையில என்ன எழுதியிருக்கு? என் புருஷன் கோல்ஃப் மட்டையைத் தூக்கி எறிஞ்சான்னா? எறியலப்பா. மரத்துல அடிச்சு முறிச்சான். எழுதினா ஒழுங்கா எழுதுங்க."

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "1954-ன் கோடையில், கான்சஸ் கோதுமை வயல்களுக்கு மேல் சூரியன் ஒரு பொன் பந்தாக…"

வேண்டாம். கோல்ஃப் கதையில் சூரியனைப் பந்தாக்குகிறவனை நானே படிக்க மாட்டேன்.

மறுபடி: டெல்மர் குவிஸ்ட் நல்ல ஆட்டக்காரர். தொலைவிலிருந்து அடித்தால் பந்து சொன்ன பேச்சு கேட்கும். குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கை நடுங்கும். முழ தூரத்தில் கிடப்பதைக்கூட உருட்டி உள்ளே விட வராது. காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு, போட்டிக்குப் போட்டி வருடக்கணக்கில் அலைந்தார்கள் அவரும் நார்லீனும். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

"இந்தக் கோடையோட போதும், டெல். அப்புறம் சலைனா ஊர் கிளப்புல ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போயிடு" என்றாள். அவரும் சரி என்றார்.

(சரி என்றபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று மூன்று வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை.)

அந்தக் கோடையின் கடைசிப் போட்டி எங்கள் விச்சிட்டாவில்.

3

கடைசி நாள். டெல்மர் முன்னணியில் இருந்தார். பாதி ஆட்டத்தில், ஒரு குழந்தை தட்டினாலும் விழுந்திருக்கும் பந்தைத் தவறவிட்டார். நேராக எல்ம் மரத்திடம் போனார். உருட்டும் மட்டை இரண்டாயிற்று.

கோபத்தில் முறித்ததற்குப் பதில் வேறு மட்டை வாங்க விதி இடம் தராது. பையில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் ஆட வேண்டும். கூட ஆடிய கிளீட்டஸ் ஹாம் விடுவாரா?

"என்னப்பா, இனிமே வாயால ஊதி உள்ள தள்ளப் போறியா?"

"நீ குனிஞ்சு நில்லு, உன் மண்டையால தட்டுறேன்" என்ற டெல்மர், நீள இரும்பு மட்டை ஒன்றை உருவினார். தொலைவுக்கு அடிப்பதற்கான மட்டை அது. கூட்டம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, இரும்பின் விளிம்பால் பந்தின் வயிற்றில் தட்டினார். விழுந்தது. அடுத்த குழியிலும் விழுந்தது. கை நடுங்க மறந்திருந்தது.

[நடுக்கம் ஏன் நின்றது என்று இங்கே ஒரு பக்கக் கட்டுரை இருந்தது. நார்லீன் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "இதை வச்சுத் தோத்தா யாரு குத்தம் சொல்லப்போறா?"]

4

கடைசிக் குழி. நீண்ட சரிவு. இதைப் போட்டால் வெற்றி.

"பந்து விளிம்பில் நின்று, ஒரு கணம் யோசித்து…"

இல்லை. தோல்வியில் முடித்தால் இலக்கியமாகும் என்ற ஆசையில் எழுதிய வரி அது. பந்து உள்ளே போனது. கிளீட்டஸ் அவரைத் தூக்கிச் சுற்றினார். நார்லீன் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னும் ஒரு வருஷம் ஆடித் தொலை!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

5

சிக்கல் இங்கேதான். மறுவாரமே டெல்மர் புதிதாக ஓர் உருட்டும் மட்டை வாங்கினார். நடுக்கம் திரும்பியது. நார்லீன் கொடுத்த அந்த ஒரு வருடம் முழுக்கத் தோற்றுவிட்டு, சந்தோஷமாகச் சலைனாவுக்குப் போனார். இரும்பையே வைத்து ஆடியிருக்கலாமே? அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"அது குருட்டு அதிர்ஷ்டம்" என்றார், நார்லீன் எதிரே உட்கார்ந்திருந்தபோது.

அவள் காப்பி எடுக்க எழுந்ததும் குரலைத் தாழ்த்தினார். "மறுபடி அதைக் கையில எடுத்து, அன்னைக்கு வந்த சிரிப்பு வராமப் போயிட்டா?"

"பொய்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "வீட்டு வண்டிக்குள்ள அந்த இரும்பை வச்சுப் பழகிப் பார்த்து என் கண்ணாடி ஜன்னலை உடைச்சான். நான்தான் பிடுங்கி வச்சேன்!"

டெல்மர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மூன்றில் எது உண்மை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வாயைத் திறக்கப் போவதில்லை. காப்பி இப்போதுதான் வந்திருக்கிறது; கொண்டுவந்தவள் எதிரிலேயே நிற்கிறாள்.