ஏழு விநாடி

முருகலட்சுமி போனில் அழவில்லை. அழுதிருந்தால் ராஜபாண்டிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை மாப்ள வீட்ல திரும்ப வாராக. நீ வந்துரு. வந்து என்ன செய்வியோ தெரியாது, வந்துரு" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

அவள் மகள் பாண்டீஸ்வரிக்குப் பரளச்சியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நிச்சயத்தன்று தட்டு மாற்றும் முன், பெண்ணைப் பெற்றவர் சபையில் எழுந்து நின்று மூன்று தடவை 'சம்மதம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் வகையறாவில் அப்படித்தான் வழக்கம். அவருக்குப் பதிலாக வேறு யாரும் சொல்லக் கூடாது. அந்த வார்த்தைக்குப் பதிலாக வேறு வார்த்தையும் ஆகாது. அக்கா புருஷன் சுப்புராஜ் எழுந்து நின்றார். எப்போதும் போலக் கொஞ்சம் நேரம் எடுத்தார். பின்வரிசையில் எவனோ ஒருவன் 'டொய்ங், டொடொய்ங்' என்று வாயாலேயே இசை போட்டான். பந்தலே சிரித்தது. சுப்புராஜ் தோளில் கிடந்த துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, லோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இசை எந்த இடத்தில் வர வேண்டும் என்று ஒன்பது வருஷமாக எழுதிக் கொடுப்பவன் ராஜபாண்டி.

மதுரையில் கல்லூரி ஆண்டு விழாக்களில் ஜோக் சொல்ல ஆரம்பித்தவன் அவன். பிறகு சென்னையில் காபிக்கடை மாடிகளில் முப்பது பேருக்கு முன்னால் மைக் பிடித்தான். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் கையிலிருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோய், ஊரில் லோடு வண்டி ஓட்டும் அக்கா புருஷனை 'மாமா' என்று மாற்றிச் சொன்னான். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் 'என்னய்யா லோடு' என்று கேட்பார். மாமா யோசிப்பார். போலீஸ்காரர் சலித்துப்போய் 'கிளம்பு' என்று அனுப்பிவிடுவார். அரை மைல் போன பிறகு மாமா ஸ்டியரிங்கைப் பார்த்து 'பஞ்சு' என்பார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஜனங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு நடிகர் போட்ட 'லோடு மாமா' வேஷம் ஞாயிறு தவறாமல் வந்தது. ஸ்கிரிப்டில் வாரம் ஒரு தடவையாவது அந்த வரி இருக்கும்: மாமா மௌனம், ஏழு விநாடி, இசை.

சுப்புராஜுக்குத் திக்குவாய். வெளியாட்களிடம் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார். ஒரு வார்த்தை வராது என்று தெரிந்தால் உள்ளுக்குள்ளேயே வேறு ஒன்றைத் தேடி எடுத்த பிறகுதான் வாயைத் திறப்பார். அந்தத் தேடுகிற நேரம்தான் அந்த மௌனம். ராஜபாண்டிக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். திக்குவதை வைத்துச் சிரிக்க வைப்பது அசிங்கம் என்று அதை மட்டும் எடுத்துவிட்டு மௌனத்தை வைத்துக்கொண்டான். அதைத் தன் நாகரிகம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

வியாழக்கிழமை அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா வீடு இருக்கும் மல்லாங்கிணறுக்குப் போகாமல் நேரே நூல் குடோனுக்குப் போனான். சுப்புராஜ் மூட்டைகளுக்கு மேல் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பவர்லூம் சத்தத்தில் எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள்.

"லோடு மாமா! டிவிக்காரரு வந்துருக்காரு, பதில் சொல்லுங்க!" என்றான் மூட்டை தூக்கும் காளீஸ்வரன். சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

சுப்புராஜ் முடிச்சைப் போட்டு முடித்து இறங்கி, அவனை வண்டிக்குப் பின்னால் தனியே கூட்டிப் போனார்.

"வா மாப்ள. சா... சாப்ட்டியா?"

"ஆச்சு மச்சான். நாளைக்குச் சபையில நானே எந்திரிச்சு சொல்லிர்றேன், எல்லாம் என் தப்புன்னு."

அவர் யோசித்தார். ராஜபாண்டி தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்து, நாலில் நிறுத்திக்கொண்டான்.

"நீ பே... பேசுனா சிரிப்பாக. எழவு வீட்ல பேசுனாலும் சிரிப்பாக."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"சிரிக்க வைக்கத் தெரியும்ல. சிரிக்காம இருக்க வைக்கத் தெ... தெரியுமா?"

"தெரியாது மச்சான்."

"அப்ப வந்து சும்மா உக்காரு."

வெள்ளிக்கிழமை அதே பந்தல், அதே நாற்காலிகள். அக்கா அவனை முன்வரிசையில் உட்கார வைத்தாள். "இன்னைக்கும் எந்திரிச்சுப் போனாருன்னா வேற எடம் பாத்துக்குவோம்னு சொல்லிட்டாக" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளையின் பெரியப்பா பால்ச்சாமி, வேட்டி நுனியை இடது கையில் தூக்கிப் பிடித்தபடி வந்து எதிரில் நின்றார்.

"என்ன தம்பி, இன்னைக்காச்சும் மாமாவுக்கு வசனம் எழுதிக் குடுத்துட்டீகளா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜபாண்டியின் நாக்கில் நாலைந்து பதில்கள் வரிசையாக வந்து நின்றன. எதை எடுத்து விட்டாலும் பந்தல் அவன் பக்கம் வந்துவிடும். "கும்புடுறேன்" என்று மட்டும் சொன்னான். பெரியவர் ஏமாந்துபோய் நகர்ந்தார்.

சுப்புராஜ் எழுந்தார். வாயைத் திறக்கவில்லை. தேடி எடுக்க இங்கே வேறு வார்த்தை கிடையாது. மூன்று. நாலு. முருகலட்சுமி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். சரியாக ஏழில் பின்னாலிருந்து அந்த இசை வந்தது. ஊருக்கே பாடமாகியிருந்தது. சிரிப்பு கிளம்பியது. சிரிக்க ஆரம்பித்தவர்கள் எல்லாரும் ராஜபாண்டி பக்கம் பார்த்தார்கள். அவன் ஏதாவது சொல்வான், இல்லை சிரிக்கவாவது செய்வான் என்று காத்திருந்தார்கள். அவன் மச்சானைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. சிரிப்பு போக வழியில்லாமல் அங்கங்கே இருமலாகி நின்றது.

"ச..." என்றார் சுப்புராஜ். கழுத்து நரம்பு புடைத்தது. "ச... ச... ச..."

வெளியாட்கள் யாரும் அதுவரை கேட்டிராத சத்தம் அது. லோடு மாமா ஒருநாளும் திக்கியதில்லை. எங்கே சிரிப்பது என்று சபைக்குத் தெரியவில்லை.

"சம்மதம்."

இரண்டாவது தடவை இன்னும் நேரமானது. மூன்றாவதில் பால்ச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். முடிந்ததும் தட்டை நீட்டினார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது சென்னையிலிருந்து போன் வந்தது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஜெயக்குமார்.

"சார், ஞாயித்துக்கெழம ஸ்கிரிப்ட் இன்னும் வரல."

"லோடு மாமா இனி வேண்டாம்."

"துபாய்க்கு அனுப்பிரலாமா? ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வந்துக்கலாம்."

"எங்கயும் அனுப்ப வேண்டாம். நிறுத்திரலாம்."

எதிர்முனை கொஞ்சம் யோசித்தது. "சரி. உங்க வீட்ல வேற யாராவது இருக்காங்களா சார்?"

கோபப்படக்கூட ராஜபாண்டிக்குத் தெம்பில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, பந்திப் பக்கம் பார்த்தபடி நின்றான். பால்ச்சாமி இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். அப்போதும் இடது கை வேட்டி நுனியை விடவில்லை. யாராவது அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பது போல...

பக்கத்தில் சுப்புராஜ் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. அவர் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு அவன் பார்த்த திசையைப் பார்த்தார்.

"அவுகள எ... எழுதப் போறியா மாப்ள?"

"இல்ல மச்சான்" என்றான் ராஜபாண்டி. அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.